அவ்விக் அக்கா எழுதாத பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோப் புறநகரான பியோர்ண்டாலில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிருந்தேன். கேக் வெட்டியாயிற்று, சாப்பாடு இன்னும் வரவில்லை. அந்த இடைநேரத்தில் ஒருவர் தன் போனை நீட்டி நீட்டிப் படம் காட்டிக்கொண்டிருந்தார். மனைவியோடு கரீபியன் கடலில் கப்பல் பயணம் போய்விட்டு வந்தவர். வில்லெம்ஸ்டாட் என்ற தீவு நகரத்தின் படங்கள் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இஞ்சை நீங்களும் ஒருக்கால் போனனீங்கள் எல்லோ? என்னென்ன பாத்தனீங்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலையும் சொன்னார்.

"ஓ, நீங்கள் அவ்விக் அக்காவோடையெல்லோ போனனீங்கள்! அவ ஊர் பாக்கப் போய், ஹோட்டல் கூட்டுற ஒரு ஏழைப் பொம்பிளையின்ரை வேலைக்கு உலை வைச்சுப்போட்டு வந்தவ!"

அறை முழுவதும் சிரித்தது. கதை தெரியாதவர்களுக்கு அவர் திரும்பவும் சொன்னார், கையைக் காலை ஆட்டி, அக்காவைப் போல மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் காட்டி. அதற்கும் சிரித்தார்கள். நான் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கேக்கைத் தின்று முடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

அந்தக் கதையில் ஒரு இடம் பொய். எந்த இடம் என்று தெரிந்தவள் இங்கே இப்போது நான் ஒருத்திதான். அக்கா செத்து இரண்டு வருடமாகிறது. அவரால் வந்து சொல்ல முடியாது. உயிரோடு இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், அதுதான் அவருடைய குணம். ஆகவே நான் எழுதுகிறேன்.

நோர்வேயில் வேலை செய்கிற எல்லாருக்கும் அவ்விக் தெரியும். வேலையிடத்தில் ஒன்று இருக்கவேண்டிய மாதிரி இல்லையென்றால் எழுதிக் கொடுக்கிற தாள். என்ன நடந்தது, எங்கே நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்யலாம். நாலு கட்டம், அவ்வளவுதான். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் தொடவே மாட்டார்கள். ஏன் சோலி, உள்ளதும் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவோம். அக்காவுக்கு அந்தப் பல்லைக் கடிக்கிற வித்தை வரவே இல்லை. அவருடைய கைப்பையில் பணப்பைக்குப் பக்கத்தில் எப்போதும் நாலைந்து வெறும் படிவங்கள் மடித்துக் கிடக்கும்.

அவர் இருந்த கட்டடத்தின் வெளிப்படியில் ஒரு மாரிகாலம் முழுக்கப் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. சரளைக்கல் கொட்டவேண்டியவர்கள் கொட்டவில்லை. எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டு இறங்கினார்கள். அக்கா ஒருவர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் கல் கொட்டியிருந்தது. அந்தக் கல்லில் காலை ஊன்றி இறங்கிக்கொண்டே ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன்: "உவவுக்கு வேறை வேலையில்லை." நன்றி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஐயா. வாயையாவது மூடிக்கொண்டு இறங்கக்கூடாதா?

கோயிலிலும் அப்படித்தான். திருவிழாவன்று அவசர வாசலுக்கு முன்னால் செருப்பும் சப்பாத்தும் இடுப்பளவு குவிந்து கிடந்தன. அக்கா அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார். நிர்வாகத்தில் இருந்த இளைஞர் ஓடி வந்தார்.

"அக்கா, இது கோயில். சாமியின்ரை இடத்திலையும் அவ்விக்கோ?"

"நெருப்புக்கு இது கோயில் எண்டு தெரியாது தம்பி. உந்தக் கதவை ஒருக்கால் திறந்து காட்டும் பாப்பம்."

அவர் தள்ளினார். கதவு அசையவில்லை. அடுத்த திருவிழாவுக்குச் செருப்பு வைக்கத் தட்டு வந்திருந்தது. இன்றைக்கும் அதில்தான் எல்லாரும் செருப்பை வைக்கிறோம்.

வீட்டில் அத்தான் பகிடி விடுவார். "இஞ்சாரும், கறிக்கு உப்புக் கூடினால் நானும் அவ்விக் எழுதலாமோ?" அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொல்வார்: "எழுதுங்கோ. மேசை லாச்சிக்குள்ளை படிவம் கிடக்கு. ஆர் சமைச்சது எண்டு போடாதேங்கோ. உப்புப் போத்தில் மூடி உடைஞ்சு கிடக்குது, அதைப் போடுங்கோ."

அது வெறும் பகிடி இல்லை. அவருடைய சட்டமே அதுதான். அதை நான் படித்தது ஒஸ்லோவில் நாங்கள் இருவரும் அறை துப்புரவாக்கிய ஹோட்டலில். அக்கா அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி. நான் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே நின்று என் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டது. எனக்கோ கோபம். ஸெல்மா என்ற எரித்திரியப் பெண்தான் வண்டியை அங்கே விட்டவள். அக்கா பழக்கிய பழக்கத்தில் நானும் ஒரு படிவம் எடுத்து, 'ஸெல்மா வண்டியை வழியில் விட்டார்' என்று எழுதிக்கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினேன். அக்கா வாசித்தார். நாலாகக் கிழித்தார்.

"ஆளை எழுதாதை. விசயத்தை எழுது."

"அவதானே அக்கா விட்டவ!"

"ஏன் விட்டவ? கேட்டனியோ?"

கேட்கவில்லை. பிறகு போய்க் கேட்டேன். களஞ்சிய அறையின் கதவுப்பூட்டு பழுதாகி மூன்று வாரமாம். வண்டியை உள்ளே விட வழியில்லையாம். புதுப் படிவத்தில் பூட்டைப் பற்றி எழுதினேன். ஸெல்மாவின் பெயர் இல்லை. பூட்டு ஒரு கிழமையில் சரியாயிற்று.

"பெயர் எழுதினால் அவங்களுக்குச் சுகம் பிள்ளை," என்றார் அக்கா. "ஆளைப் பிடிச்சிட்டு விசயத்தை விட்டிடுவாங்கள். பூட்டுத் திருத்திறதிலும் பாக்க ஸெல்மாவைத் திருத்திறது லேசு."

அறுபது வயது வந்தபோது துரொண்ட்ஹெய்மிலும் ஸ்தவாங்கரிலும் இருந்த அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கிழமை விடுமுறை வாங்கிக் கொடுத்தார்கள். எங்கே போகவேண்டும் என்று கேட்டதற்கு அக்கா, "குளிரில்லாத ஒரு ஊர், சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊர்" என்றாராம். அப்படித்தான் வில்லெம்ஸ்டாட் வந்தது. அத்தான் விமானம் ஏறமாட்டார். துணைக்கு என்னைக் கேட்டார்கள். அக்காவுக்கு நோர்வே மொழி தண்ணி பட்ட பாடு, ஆங்கிலம்தான் வராது. எனக்கு ஆங்கிலம் வரும்.

நான் எவ்வளவு ஆசையோடு போனேன் தெரியுமா? பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை என்று ஒரு பக்கம் நிறைய எழுதி வைத்திருந்தேன். கப்பல் வரும்போது பக்கவாட்டில் நகர்ந்து வழிவிடுகிற மிதக்கும் மரப்பாலம். கரையோரம் மஞ்சளும் நீலமும் சிவப்புமாக வரிசையாய் நிற்கும் பழைய வீடுகள். துறைமுக வாயிலில் கோட்டை. தரை முழுக்க மணல் பரப்பிய ஒரு பழைய யூதர் கோயில். மீனும் பழமும் விற்கிற சந்தை. கடலாமைகளோடு நீந்துகிற குடா. குகைகள்.

முதல் நாள் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலுக்குக் கீழே பலகை மெல்ல ஆடியது. நான் படம் எடுத்துத் தள்ளினேன். அக்கா கம்பியைப் பிடித்துப் பார்த்தார். "உது திறக்கேக்கை மேலை நிக்கிற சனத்துக்கு ஆர் பொறுப்பு?" இரண்டாம் நாள் மணல் பரப்பிய கோயில். உள்ளே மெழுகுதிரி விளக்குகள், கறுத்துப் பளபளத்த மரம், வெள்ளை மணல். எனக்கு மெய் சிலிர்த்தது. அக்கா குனிந்து ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தார். "இதை ஆர் கூட்டுறது? நாள் முழுக்க இத்தனை சப்பாத்து வருது. ஆருக்கோ முதுகு முறியுது." காவலாளியிடம் கேட்டு மொழிபெயர்த்துச் சொல்லும்வரை என்னை விடவில்லை. கேட்டேன். காலையில் ஒருவர் வந்து சமன் செய்வாராம். "ஒராளோ?" என்று முகத்தைச் சுளித்தார். எனக்குச் சீ என்று போயிற்று. விடுமுறைக்கு வந்த இடத்தில் மனுசி ஒரு நிமிடம் சும்மா இருக்கக்கூடாதா?

மூன்றாம் நாள் காலை. எங்கள் அறை நாலாம் மாடியில். அக்கா காலாற நடக்கிறேன் என்று பின்பக்கப் படிக்கட்டில் இறங்கிப் போனவர், ஒரு கட்டுப் படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு கட்டோடு மூச்சு வாங்க வாங்க ஒரு பெண். எங்கள் மாடியைத் துப்புரவாக்குகிற யோலண்டா. ஐம்பது வயதிருக்கும், கால் இரண்டும் வீங்கியிருந்தன. பாதிப் படியில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டு, பாஷை இல்லாமலே அக்கா பாதிச் சுமையை வாங்கிவிட்டார்.

"எத்தினை அறை எண்டு கேள்," என்றார் என்னிடம்.

கேட்டேன். ஒரு நாளைக்குப் பத்தொன்பது.

"ஏன் படியாலை வாறா எண்டு கேள்."

யோலண்டா நடைபாதையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். வேலைக்காரர்களுக்கான லிஃப்ட் பழுதாகி இரண்டு மாதம். விருந்தினர் லிஃப்டில் அழுக்குத் துணியோடு ஏறக்கூடாதாம். சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே பயந்தவர்போல அறைக்குள் போய்விட்டார்.

எங்கள் மேசையில் ஒரு சின்ன அட்டை இருந்தது. உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று எந்த ஹோட்டலிலும் வைக்கிற அட்டை. அக்காவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியே, இஞ்சையும் அவ்விக் கிடக்கு!"

அங்கேதான் பிழை நடந்தது. நோர்வேயில் இத்தனை வருடம் இருந்துவிட்ட எங்கள் இரண்டு பேருக்கும், எழுதிக் கொடுத்தால் எழுதியதைத்தான் வாசிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. ஆமை பார்க்கப் போகிற படகு ஒன்பதுக்கு. அப்போது எட்டு நாற்பது. அக்கா ஆறுதலாக ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறார், நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். லிஃப்ட் பழுது. துணியைப் படியால் தூக்குகிறார்கள். ஒருநாள் ஒருவர் விழுவார். உடனே திருத்துங்கள். வேலை மிகச் சுத்தம், அதையும் எழுது.

எழுதினேன். எழுதும்போது, நாங்கள் ஊகித்துச் சொல்லவில்லை என்று காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 'லிஃப்ட் இரண்டு மாதமாகப் பழுது என்று யோலண்டா சொன்னார். அவர் கடுமையாக உழைக்கிறார்' என்று போட்டேன். புகழ்ச்சிதானே, அந்தப் பெண்ணுக்கு நல்லதுதானே வரும் என்று நினைத்தேன்.

"பெயர் ஒண்டும் போடேல்லைத்தானே?" என்று அக்கா சப்பாத்து மாட்டிக்கொண்டே கேட்டார்.

அட்டையில் வெட்டித் திருத்த இடமில்லை. வேறு அட்டையும் இல்லை. மணி எட்டு ஐம்பது.

"இல்லை அக்கா," என்றேன்.

வரவேற்பு மேசையில் இருந்த பெட்டிக்குள் அதைப் போட்டுவிட்டு ஓடினோம். அன்றைக்கு அக்கா உண்மையாகவே விடுமுறையில் இருந்தார். படகு ஓரத்தில், மிதப்புச் சட்டையோடு, தண்ணீருக்குக் கீழே போன ஆமைகளைக் கண்டு "ஐயோ, பாரன், பாரன், எவ்வளவு ஆறுதலாப் போகுது!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்தப் பயணத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் அறைக்கு வந்தது வேறொரு பெண். சின்னப் பிள்ளை. யோலண்டா எங்கே என்று கேட்டோம். "இனி வரமாட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் கட்டிலை விரித்தாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

மேலாளரிடம் போனோம். அந்த மனிதரின் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எங்களை இருத்தி, குளிர்ந்த சாறு வரவழைத்தார். விருந்தினரின் முறைப்பாடுகளை நாங்கள் மிகவும் கவனமாக எடுக்கிறோம் என்றார். ஹோட்டலின் உள்விவகாரங்களை விருந்தினரிடம் சொல்லி அவர்களுடைய விடுமுறையைக் குழப்புவது இங்கே பெரிய குற்றம், அந்தப் பெண் இனி உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டாள் என்றார். பெரிய உபகாரம் செய்துவிட்டவர்போல! எங்கள் அறைக்குப் பழக்கூடை ஒன்று அனுப்பியிருக்கிறாராம். லிஃப்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா தினம் தினம் சொன்னதை அந்த ஆள் எங்கள் கண்ணுக்கு முன்னாலே செய்து காட்டிக்கொண்டிருந்தார். ஆளைப் பிடித்தாயிற்று, விசயத்தை விட்டாயிற்று.

நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் இருண்டது.

"யோலண்டா சொன்னதெண்டு உவருக்கு எப்பிடித் தெரியும்? கேள்."

நான் கேட்கத் தேவையில்லாமல், மேலாளரே அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். என் கையெழுத்து. நடுவில் அந்தப் பெயர். அதற்குக் கீழே யாரோ சிவப்பால் கோடு இழுத்திருந்தார்கள். அக்காவுக்கு ஆங்கிலம் வராதுதான். ஒரு பெயரை வாசிக்க எந்தப் பாஷையும் வேண்டாம்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மேலாளர், "இதை எழுதியது உங்களில் யார்?" என்று சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அக்கா மேசைக்குக் கீழே என் தொடையை நகம் பட அழுத்தினார்.

"மீ," என்றார். "ஐ ரைட். மீ."

வெளியே வந்ததும் நான் அழத் தொடங்கினேன். "நான்தான் எழுதினனான் எண்டு போய்ச் சொல்லுறன் அக்கா."

"வாயைப் பொத்து. அழுகையையும் நிப்பாட்டு. உன்ரை பெயரைச் சொன்னால் பேந்து அவன் உன்னைப் பற்றித்தான் கதைப்பான். பெட்டை பிழையா எழுதிப்போட்டுது, சரி, மன்னிச்சாச்சு எண்டு கதையை முடிப்பான். நல்ல வேலை செய்யிறா எண்டு எழுதின அட்டைக்கு ஏனடா ஒரு மனுசியை நிப்பாட்டினனி எண்டு ஆர் கேக்கிறது? விசயம் அதெல்லோ."

"உங்களுக்கு என்னிலை கோவமில்லையோ?"

"இருக்கு," என்றார். "பேந்து பாப்பம்."

அன்றிலிருந்து அக்கா வரவேற்பு மண்டபத்தில், வாசலுக்கு நேரே இருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். காலைச் சாப்பாடு முடிந்ததும் வருவார், இரவுச் சாப்பாட்டுக்கு எழும்புவார். சத்தம் போடவில்லை. மேலாளர் அந்தப் பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, நான் சொல்லிக்கொடுத்த வசனத்தைச் சொல்வார்: "குட் மோர்னிங் சேர். யோலண்டா, வென் கம்?" பெட்டிகளோடு புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டி வணக்கம் சொல்வார். இந்த மனுசி யார் என்று அவர்கள் கேட்டால் மேலாளருக்கு வியர்க்கும். பழக்கூடை பிரிக்காமல் வரவேற்பு மேசையிலேயே திரும்ப வைக்கப்பட்டது.

அவர் கதிரையில் உட்கார்ந்த இரண்டாம் நாள் எனக்குப் பொறுமை போயிற்று. பிழை விட்டவள் நான்தான், ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "நான் ஒருக்கால் வெளியிலை போட்டு வாறன்" என்று பாலத்துக்குப் போனேன். நடுவில் போகும்போது மணி அடித்தது. இரண்டு பக்கமும் படலை மூடினார்கள். பாலம் என்னையும் வேறு சிலரையும் தூக்கிக்கொண்டு மெல்லக் கரையை விட்டு விலகியது. எல்லாரும் கைதட்டிப் படம் எடுத்தார்கள். என் பட்டியலில் முதலாவதாக எழுதியிருந்தது இதைத்தான், பாலம் திறக்கும்போது மேலே நிற்பது. ஒரு பெரிய கப்பல் ஆறுதலாகப் போனது. எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு இரும்புக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற அறுபது வயது மனுசிதான் நினைவில் நின்றார். பாலம் திரும்பக் கரையில் முட்டியதும் ஓட்டமும் நடையுமாகப் போய், அவருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். குகையையும் கோட்டையையும் நான் பார்க்கவேயில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மேலாளர் தானாகவே வந்தார். இப்போது சிரிப்பு இல்லை. அந்தப் பெண்ணை வேலையில் எடுத்தாயிற்று, ஆனால் மாடிகளில் இல்லை, கீழே சலவை அறையில் என்றார். விருந்தினர் கண்ணில் படாத இடத்தில் என்று அதற்கு அர்த்தம். அக்கா எழுந்து நின்றார், "தேங்க் யூ" என்றுகூடச் சொல்லவில்லை.

நாங்கள் புறப்படுகிற காலை, அக்கா என்னை இழுத்துக்கொண்டு ஹோட்டலின் பின்பக்கம் போனார். வேலைக்காரர் வாசல் எங்கே என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. "குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலைதான் இருக்கும், எங்கையும் அப்பிடித்தான்" என்றார். இருந்தது. உள்ளே ஆவி. யன்னல் இல்லை. யோலண்டா தனியாக நின்று, பெரிய விரிப்பொன்றை மடிக்கப் போராடிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கொள்ளச் சொல்லு," என்றார் அக்கா. "பெயர் எழுதினது பிழை, அது எங்கடை பிழை எண்டு சொல்லு."

சொன்னேன். நாங்களும் அறை துப்புரவாக்குகிறவர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். யோலண்டா கையிலிருந்த துணியை இறக்கினார். நிதானமாகத்தான் பேசினார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் சுட்டது.

"நீங்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போகிறீர்கள். நான் இங்கேதான் இருக்கிறேன். உதவி செய்ய விருப்பமென்றால் செய்யுங்கள், ஆனால் பெயரை விட்டுவிட்டுச் செய்யுங்கள். இது ஒரு துப்புரவுக்காரிக்குத் தெரியாதா?"

நான் அதை அக்காவுக்குச் சொன்னேன். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. யோலண்டாவைப் பார்த்து, "தெரியும், தெரியும்" என்று தமிழிலேயே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கேட்டனியோ?"

அவ்வளவுதான். என்மேல் இருந்த கோபம் முழுவதையும் அவர் அந்த ஒரு சொல்லில் தீர்த்தார். அதற்குப் பிறகு விரிப்பின் மறுமுனையை எடுத்தார். யோலண்டா ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன் முனையை உயர்த்தினார். மூலைக்கு மூலை, உதறி, இழுத்து, மடித்து. ஒஸ்லோவில் நாங்கள் மடிக்கிற அதே மடிப்பு. ஒன்பது விரிப்பு மடித்து முடித்த பிறகுதான் விமான நிலையத்துக்குக் கார் ஏறினோம். பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வரும்போது, வேலைக்காரர் லிஃப்டின் கதவைக் கழற்றி வைத்து இரண்டு பேர் திருத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்தார்.

ஒஸ்லோவுக்கு வந்து தேநீர் இடைவேளையில் எல்லாரும் பயணம் எப்படி என்று கேட்டார்கள். "என்ன பாக்கிறது, ஒரு மனுசிக்கு வேலை மாறிப்போச்சு எங்களாலை," என்றார் அக்கா. "எழுதக்கூடாதது எழுதுப்பட்டுப் போச்சு." யார் எழுதியது என்று ஸெல்மா கேட்டாள். "அது விசயமில்லை" என்று அக்கா பேச்சை மாற்றினார். நான் எதிரே இருந்து பிஸ்கற் தின்றேன். அங்கே வேலை செய்த எங்கள் ஆட்கள் அதை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊர்ச் சனத்தைப் பற்றித் தெரியாதா? 'எங்களாலை' என்றது 'அவவாலை' என்றாயிற்று. ஆறு மாதத்தில் அது பிறந்தநாள் வீடுகளில் சொல்கிற பகிடியாகிவிட்டது. அந்தப் பகிடி அக்காவின் காதுக்கும் போனது. ஒரு நாளாவது, ஒரு ஆளிடமாவது, எழுதினது நானில்லை என்று அவர் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அவருடைய மௌனத்துக்குப் பெயர் கொள்கை. என்னுடையதற்குப் பெயர் கோழைத்தனம். ஒன்றையும் மற்றதையும் யாரும் ஒன்றாகப் போட்டுக் கதைக்கவேண்டாம்.

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஓய்வுக்குப் போகிற கடைசிக் கிழமைவரை எழுதினார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஒவ்வொரு படிவத்தையும் கொடுப்பதற்கு முன் என்னிடம் நீட்டுவார்.

"பெயர் கிடக்கோ பார்."

ஒருநாளும் இருக்காது. இருந்தாலும் நான் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிப்பேன். "இல்லை அக்கா" என்பேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்வார்.

நேற்று அந்தப் பிறந்தநாள் வீட்டு மனிதருக்குப் போன் எடுத்தேன். யோலண்டாவின் பெயரை எழுதியது அக்கா இல்லை, நான்தான் என்றேன். போடவில்லை என்று அக்காவிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். மூன்று நாள் கதிரையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு வேலையைத் திருப்பி வாங்கிக் கொடுத்தவர் யார் என்பதையும் சொன்னேன்.

மறுமுனையில் அவர் சிரித்தார். "விடுங்கோ அக்கா. சும்மா பகிடிக்குத்தானே சொன்னனான். ஆர் எழுதினால் இப்ப என்ன?"

ஆர் எழுதினால் என்னவாம்! இத்தனை வருடமும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக் காட்டி, ஒருவரின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபோது இந்த ஞானம் எங்கே போயிருந்தது?

"அப்ப ஒண்டு செய்யுங்கோ தம்பி," என்றேன். "இனி அந்தக் கதையைச் சொல்லேக்கை அக்காவின்ரை பெயரை எடுத்திடுங்கோ. கதைக்கு ஒரு பெயர் இல்லாமல் ஏலாதெண்டால் என்ரையைப் போடுங்கோ. எழுத்துக்கூட்டிச் சொல்லட்டோ?"